மகாலனோபிஸ் யார்? தூரச் சூத்திரத்துக்கு அப்பால் ஒரு பதில்

கேள்வி இது: "தரவு விஞ்ஞானப் பாடத்தில் மகாலனோபிஸ் தூரம் என்று ஒன்று படிப்பித்தார்கள். சூத்திரம் விளங்கினது, ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் யார்? இதைத் தவிர வேறு என்ன செய்தார்? திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு அவரால் ஏதும் உண்டா?" கேட்டவர் இங்கே உள்ளூரில் படிக்கும் ஒரு மாணவி.

தங்கச்சி, பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் கல்கத்தாக்காரர். 1893 ஜூன் 29 இல் பிறந்தார். 1972 ஜூன் 28 இல், 79 ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் காலமானார். படித்தது பௌதிகவியல். பெயர் வாங்கியது புள்ளிவிபரவியலில். நீங்கள் படித்த சூத்திரம் அவர் செய்தவற்றில் ஒரு பங்குதான், அதுவும் பெரிய பங்கு இல்லை என்பது என் எண்ணம். நான் இந்த மாவட்டத்தில் பல காலம் வயலிலும் வாடியிலும் களத் தரவோடு மாரடித்தவன். அதனால் எனக்கு அவர் கரும்பலகைக்காரராகத் தெரியவில்லை. சேற்றில் இறங்கி எண்ணுகிறவன் விடும் பிழையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அடம்பிடித்த மனிதராகத்தான் தெரிகிறார். இந்தப் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சரி, முதலில் அந்தத் தூரத்தை முடித்துவிடுவோம்.

மீன் வாடியில் பாரை மீன்களின் நீளத்தையும் நிறையையும் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீளம் கூடக் கூட நிறையும் கூடும். இப்போது இரண்டு மீன் வருகின்றன. ஒன்று வழமையைவிட மிக நீளம், நிறையும் அதற்கேற்ற மாதிரி. மற்றது நடுத்தர நீளம்தான், ஆனால் நிறை பாதிதான் இருக்கிறது. வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தால் முதலாவது மீன்தான் இடையிலிருந்து தூரம் போய் நிற்கும். ஆனால் வாடியில் நிற்கிற எவரும் இரண்டாவதைத்தான் தூக்கிப் பார்த்து, "இது என்ன, வேற சாதியோ, வருத்தம் பிடிச்சதோ" என்று கேட்பார். மகாலனோபிஸ் தூரம் அந்தக் கண்ணைத்தான் எண்ணாக்குகிறது. ஒவ்வோர் அளவும் எவ்வளவு பரந்து கிடக்கிறது, ஒன்று கூடும்போது மற்றது எப்படிக் கூடுகிறது என்ற இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகே எது தூரம், எது கிட்ட என்று சொல்கிறது. சென்ரிமீற்றரா அங்குலமா, கிராமா இறாத்தலா என்பதெல்லாம் விடையை மாற்றாது.

இது எப்படி வந்தது என்பது அவ்வளவு இனிமையான கதை இல்லை. 1920 இல் நாக்பூரில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்த நெல்சன் அன்னண்டேலை மகாலனோபிஸ் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை அன்னண்டேல் திரட்டி வைத்திருந்தார். அதைப் பகுத்துத் தரும்படி கேட்டார். 1922 இல் அதுதான் மகாலனோபிஸின் முதல் புள்ளிவிபரக் கட்டுரையாக வந்தது. எந்தக் குழு எந்தக் குழுவுக்கு நெருக்கம் என்று கேட்கப்போய், "நெருக்கம்" என்பதை எப்படி அளப்பது என்ற இடத்தில் முட்டுப்பட்டு நின்றார். 1936 இல் பொதுமைப்படுத்திய தூரம் என்று அதை முறையாக எழுதினார். மனிதரின் தலையையும் மூக்கையும் அளந்து வகை பிரிக்கும் அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்கு ஓர் அசிங்கமான பக்கம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சூத்திரம் அங்கேயே நின்றுவிடவில்லை. இன்று இயந்திரக் கோளாறைக் கண்டுபிடிக்கவும், செய்மதிப் படத்தில் காடு எது வயல் எது என்று பிரிக்கவும், போலிப் பணப் பரிமாற்றத்தைப் பிடிக்கவும் அதே சூத்திரம்தான்.

இனி ஆளைப் பற்றி. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் பெற்றுக்கொண்டு 1913 இல் இங்கிலாந்து போனார். போனது லண்டனில் படிக்க. கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போய், கடைசி ரயிலைத் தவறவிட்டு, நண்பரோடு தங்கி, அந்த நண்பரின் பேச்சைக் கேட்டு கிங்ஸ் கல்லூரியில் முயன்று இடம் பிடித்தார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை.

அங்கேதான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்த ஒரு தொடர்பு வருகிறது. 1914 இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார், இருவரும் நண்பர்களானார்கள். குளிரில் தூக்கமில்லை என்று இராமானுஜன் சொல்ல, அறைக்குப் போய்ப் பார்த்தால், மனிதர் கட்டிலில் விரித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்கு மேலே மேலங்கியோடு படுத்திருக்கிறார். கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மகாலனோபிஸ். இன்னொரு நாள் இராமானுஜன் அடுப்பில் மரக்கறி கிண்டிக்கொண்டிருக்க, மகாலனோபிஸ் ஒரு சஞ்சிகையில் வந்த புதிரை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50 க்கு மேல், 500 க்குள். அந்த வீட்டின் இலக்கம் என்ன? விடை 204, தெருவில் 288 வீடுகள். இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 20,706 வரும். மகாலனோபிஸ் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் விடையைப் பிடித்திருந்தார். இராமானுஜனோ அகப்பையைக் கீழே வைக்காமலே, 500 என்ற எல்லையும் தேவையில்லாமல், எல்லா விடைகளையும் ஒரே தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் இராமானுஜனை வியந்துவிட்டுப் போய்விடுவார்கள், அது நியாயம்தான். எனக்கு மற்றவரையும் பிடிக்கும். போட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டு போகிற அந்தப் புத்திதான் பிறகு ஒரு மாகாணத்தையே அளந்தது.

1915 இல் பௌதிகவியலில் முதல் வகுப்பில் தேறினார். கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்வதாக ஏற்பாடு. விடுமுறைக்கு ஊர் போகப் புறப்பட்டால் போர்க்காலம், கப்பல் பிந்துகிறது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர், புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் நடத்திய பயோமெட்ரிக்கா என்ற புள்ளிவிபர ஏட்டின் தொகுதிகளைக் காட்டினார். பிடித்துப்போய் முழுத் தொகுதியையும் விலைக்கு வாங்கி, கப்பலில் வாசித்துக்கொண்டே கல்கத்தா வந்தார். வந்தவர் கவெண்டிஷுக்குத் திரும்பிப் போகவே இல்லை. பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டே பக்கத்தில் புள்ளிவிபரத்தைத் தொடங்கினார். தாகூரோடு நெருக்கமானவர், விசுவபாரதியின் நிர்வாகத்தில் பத்து ஆண்டு இணைச் செயலாளராக இருந்தார். அதெல்லாம் ஒரு தனிக்கதை.

வெள்ளக் கதையை இங்கே உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 1922 இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். நிபுணர் குழு ஒன்று வெள்ளநீரைப் பிடித்து வைக்கப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்டலாம் என்றது. மகாலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, தேக்கம் உதவாது, நீர் விரைவாக வடிய வழி விடுவதுதான் தேவை என்று காட்டினார். 1926 இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருகியபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்திக் கட்ட வேண்டும் என்றார்கள் பொறியியலாளர்கள். அவர் அறுபது ஆண்டுத் தரவைக் கிளறினார். படுகை உயரவே இல்லை, அந்த முறை மேற்பகுதியில் மழைதான் அளவுமீறிப் பெய்திருந்தது. மேலே அணை கட்டுங்கள் என்றார். அந்தக் கணக்குகள் பிற்காலத்தில் மகாநதியின் ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு ஓர் அடிப்படையாக அமைந்தன.

மகாவலி பெருகி வெருகலும் ஈச்சிலம்பற்றும் மூதூர்ப் பக்கமும் தண்ணீருக்குள் நிற்கும் ஒவ்வொரு தடவையும், 2011 ஜனவரி உட்பட, எங்கள் தேநீர்க் கடைகளில் ஓடுவது இதே விவாதம்தான். மழை கூடிப்போச்சா, ஆறு தூர்ந்துபோச்சா, மேலே திறந்துவிட்டார்களா? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தீர்ப்பதற்குத் தேவை பல பத்தாண்டு மழைமானிப் பதிவும் ஆற்று மட்டப் பதிவும். அவை இல்லாத இடத்தில் குரல் பெரியவர் சொல்வதுதான் முடிவு.

1931 டிசம்பர் 17 இல் பிரெசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில் இந்தியப் புள்ளிவிபரக் கழகத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய். 1933 இல் சங்க்யா என்ற ஆய்வேடு வந்தது. அந்த ஓர் அறைக்குள் வந்து சேர்ந்த ஆட்களைப் பாருங்கள்: ஆர். சி. போஸ், எஸ். என். ராய், பிறகு 1941 இல் சி. ஆர். ராவ். ராவ் வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்து, வேலை கிடைக்காமல், தற்செயலாகக் கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சேர்ந்தவர். 1945 இல், இருபத்தைந்து வயதை ஒட்டி, ஒரு மதிப்பீடு எவ்வளவு திருத்தமாக இருக்க முடியும் என்பதற்கு எல்லை சொல்லும், இன்றைக்குக் கிராமர்-ராவ் எல்லை என்று நீங்கள் படிக்கும் பெறுபேற்றை வெளியிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜுக்குப் போனதும் இந்தத் தூரச் சூத்திரத்தால்தான். சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புகளை அந்த முறையில் பகுத்துத் தர ஆள் கேட்டார்கள். அங்கே பெரும் புள்ளிவிபரவியலாளரான ரொனால்ட் பிஷரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். 102 வயதில், 2023 இல், புள்ளிவிபரத்துக்கான சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் காலமானார். தன்னைவிடக் கணிதத்தில் வல்லவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்த தலைவர் என்பது மகாலனோபிஸைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு. அதேநேரம் பிடியை விடாத ஆளும்கூட. போஸும் ராயும் 1950 ஐ ஒட்டி அமெரிக்கா போய்விட்டார்கள். மகாலனோபிஸ் இறக்கும்வரை கழகத்தின் தலைமை அவர் கையில்தான் இருந்தது.

இனி முக்கியமான இடம்: சணல்.

1930களில் உலகச் சணலில் மிகப் பெரும் பங்கு வங்காளத்தில் விளைந்தது. இந்த ஆண்டு எவ்வளவு விளையும் என்ற எண்ணை நம்பித்தான் ஆலையும் கப்பலும் விலையும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? கிராமக் காவல்காரர் முதலானவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதிலிருந்து. முழு விளைச்சலுக்குப் பதினாறு அணா என்று வைத்து, "இம்முறை பன்னிரண்டு அணா" என்பார்கள். அவ்வளவுதான். 1937 இல் மகாலனோபிஸ் இதை மாதிரி முறையில், அதாவது சில இடங்களை மட்டும் பார்த்து முழுவதையும் கணக்கிடும் முறையில், மதிப்பிட்டுக் காட்டுகிறேன் என்று இறங்கினார். கிராம வரைபடங்களின் மேல் எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, சிறு கட்டங்களைப் போடுவது, களப்பணியாளர் அந்தக் கட்டத்துக்கே போய் என்ன பயிர் நிற்கிறது என்று பதிவது, இதுதான் அடிப்படை.

கேட்கச் சின்ன விடயம் மாதிரி இருக்கும். அவர் வித்தியாசப்பட்டது இதற்கு அடுத்த படியில். கட்டம் பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாகப் பல வேண்டுமா? பல சிறு கட்டம் என்றால் வழு, அதாவது மதிப்பீட்டில் வரும் பிழை, குறையும், ஆனால் நடை கூடும். அதனால் ஆட்கள் நடக்க எவ்வளவு நேரம், தேட எவ்வளவு, எழுத எவ்வளவு என்று நேரத்தையே தரவாகச் சேர்த்தார். காசுக்கு ஒரு சமன்பாடு, வழுவுக்கு ஒரு சமன்பாடு. இரண்டையும் சேர்த்து, இந்தக் காசுக்கு இதைவிடத் திருத்தமான எண் கிடைக்காது என்ற புள்ளியைத் தேடினார். ஒரேயடியாக மாகாணம் முழுவதும் இறங்காமல், முதலில் சின்ன முன்னோட்டம், அதில் படித்ததை வைத்துச் சற்றுப் பெரியது, பிறகு இன்னும் பெரியது என்று படிப்படியாகப் போனார். தரவு சேரச் சேரப் பார்த்து முடிவெடுக்கும் தொடர்முறைப் பகுப்பாய்வை உருவாக்கிய ஆபிரகாம் வால்ட், இந்தச் சணல் ஆய்வைத் தன் கருத்துக்கு முன்னோடியாகக் குறிப்பிட்டிருக்கிறார். 1944 இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் ஏட்டில் இதெல்லாம் கட்டுரையாக வந்தது, அடுத்த ஆண்டே அந்தச் சபையின் உறுப்பினரானார்.

அப்புறம் அவருடைய ஆகப் பெரிய யோசனை, என் பார்வையில். ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடு. இரண்டு வேறு குழுக்களை அனுப்பு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு விடைகளும் எழுமாற்றால் வரக்கூடிய அளவுக்குள் வித்தியாசப்பட்டால் நல்லது. அதைவிடக் கூட வித்தியாசப்பட்டால், பிழை மாதிரியில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. ஊடுருவும் மாதிரிகள் என்று இதைச் சொல்லலாம். அதுவரை புள்ளிவிபரம், "சிலதைத்தான் பார்த்தோம், அதனால் வரும் வழு இவ்வளவு" என்பதோடு நின்றது. பார்த்தவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்பதற்குச் சூத்திரம் இருக்கவில்லை. இவர் அதையும் அளந்தார். செலவு கூடும் என்று முணுமுணுப்பு வந்தது. இன்றும் அந்தக் குறை சொல்லப்படுகிறது, பொய்யும் இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பது வயலில் நின்றால்தான் விளங்கும். எங்கள் நாட்டிலும் பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் எழுமாற்றாகத் தெரிந்த வயல்களில் ஒரு துண்டை அளந்து வெட்டி, அடித்து, நிறுத்துத்தான் ஏக்கருக்கு எத்தனை புசல் என்று கணக்கிடுகிறார்கள். தம்பலகாமத்தில் ஒரு வயலை எடுங்கள். எழுமாற்று எண் இரண்டு கிடைக்கிறது. மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை. அளந்துகொண்டு போய் நின்றால், எலி வெட்டிய மொட்டைத் திட்டு. வயற்கார ஐயா வரம்பில் நின்று சொல்வார்: "தம்பி, இதில போய் ஏன் வெட்டுறீங்கள், அங்கால பாருங்கோ, கதிர் சரிஞ்சு கிடக்கு." அவருக்குத் தன் வயலின் மானம் பெரிது. நிவாரணம், பயிர்க் காப்புறுதி என்று பேச்சு அடிபடும் போகத்தில் இதே ஐயா உப்படித்த மூலைக்குக் கையைக் காட்டுவார். இரண்டிலும் அவரில் பிழையில்லை. எண் சொன்ன இடத்தில் கட்டை அடிப்பதுதான் வந்தவரின் வேலை.

கட்டை அடித்துக் கயிறு கட்டியாச்சு. கயிறு ஒரு நெற்குத்தின் மேல் படுகிறது. அடி உள்ளே, கதிர் வெளியே. அல்லது மறுபக்கம். அடி எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஆனால் குனிந்து அரிவாளோடு நிற்கிற கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐயப்பாடான குத்தை உள்ளே இழுக்கும். விளைந்த நெல்லை விட்டுவிட்டு வர மனம் வராது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குத்து கூடினால் போதும், ஏக்கருக்குப் பெருக்கும்போது மாவட்டமே செழித்துவிடும்.

சின்னத் துண்டில்தான் இந்தக் கள்ளம் கூட வேலை செய்யும். சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் சுற்றளவு இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு. துண்டு சிறிதாகச் சிறிதாகப் பரப்போடு ஒப்பிட்டால் ஓரம் அதிகம். மகாலனோபிஸுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரே பரப்புக்கு மிகக் குறைந்த சுற்றளவு வட்டத்துக்குத்தான் என்பதால் வட்டமாக வெட்டினார். ஆனால் சிறிய வட்டம். இங்கேதான் இன்னோர் இந்தியப் புள்ளிவிபரவியலாளரான பி. வி. சுகாத்மே அவரோடு மோதினார். சிறு துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 1940களின் நடுப்பகுதியில் தரவோடு எழுதினார். பெரிய துண்டு வெட்டு என்பது அவர் கட்சி. இருவரும் பல காலம் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இந்தியாவின் அரச பயிர் மதிப்பீட்டில் நிலைத்தது சுகாத்மே பக்கத்துப் பெரிய துண்டுதான். இந்த ஒரு விடயத்தில் எனக்கும் சுகாத்மே சொன்னதே சரியாகப் படுகிறது. பயிற்றப்பட்ட, சோர்வில்லாத ஆள் வெட்டினால் வட்டம் சரி. மத்தியானம் ஒரு மணிக்கு மூன்றாவது வயலில் நிற்கிற ஆளுக்குப் பெரிய துண்டுதான் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயலில் எழுமாற்று முறையை இந்தியாவில் தொடங்கியவர் மகாலனோபிஸ் இல்லை. ஜே. ஏ. ஹபக் என்ற நிர்வாக அதிகாரி 1920களிலேயே பீகார், ஒரிசாவில் நெல்லுக்கு முக்கோணச் சட்டம் ஒன்றை வைத்து இதைச் செய்திருந்தார். மகாலனோபிஸ் அதை மறைக்கவில்லை, பிஷரும் ஹபக்கின் வேலையை மதித்தார். பள்ளிப் புத்தகங்கள்தான் ஒரே ஆளின் தலையில் எல்லா மாலையையும் போட்டுவிடும்.

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, 1944 இலும் 45 இலும், கழகம் கிராமங்களில் ஒரு மாதிரி ஆய்வு செய்தது. யார் நிலத்தை விற்றார்கள், யாரிடம் உழவுமாடு போனது, யார் பிச்சைக்கு வந்தார்கள் என்று கேட்டார்கள். பஞ்சம் எல்லோரையும் சமமாக அடிக்கவில்லை என்பது அதில் எண்ணாக வந்தது. ஏற்கனவே அடிமட்டத்தில் இருந்தவர்கள்தான் நிலத்தையும் மாட்டையும் இழந்து இன்னும் கீழே போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949 இல் இந்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளிவிபர ஆலோசகரானார். 1950 இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஒரு பெரிய, ஏழை நாடு தன் வீடுகள் என்ன சாப்பிடுகின்றன, எவ்வளவு செலவழிக்கின்றன என்று சுற்றுச் சுற்றாகக் கேட்டுப் பதிவதை வேறு பல நாடுகள் பார்த்துப் படித்தன. ஐக்கிய நாடுகளின் மாதிரியெடுப்புக்கான உபகுழுவுக்கும் அவர்தான் தலைவர். அதே ஆண்டில் கல்கத்தாவில் வெளிநாட்டுப் புள்ளிவிபர அலுவலர்களைப் பயிற்றும் நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது. கணினிகளை மிக முன்னதாகவே இறக்குமதி செய்தார், 1950களின் நடுவிலேயே கழகத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், பொருளாதாரம் என் பாடம் இல்லை. 1956 இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு அவருடைய மாதிரியுருதான் முதுகெலும்பு: இன்று இயந்திரம் செய்யும் இயந்திரத்தில் முதலிடு, நாளை நுகர்பொருள் தானாகப் பெருகும். பொருளியலாளர் பி. ஆர். ஷெனாய் அப்போதே மறுப்பு எழுதினார். இதை வைத்து மகாலனோபிஸைத் திட்டுகிறவர்களும் உண்டு, கொண்டாடுகிறவர்களும் உண்டு. இரு சாராரும் சண்டை பிடிக்கப் பயன்படுத்தும் எண்களில் பாதி அவர் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தவை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, திருகோணமலைக்கு என்ன? நெல் வெட்டும் கதையைச் சொல்லிவிட்டேன். அதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. மாதிரி ஆய்வு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வடிவமைத்தாலும், எழுமாற்றாகத் தெரியப்படும் பட்டியலில் உங்கள் ஊர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்கு வழுவும் கிடையாது, மதிப்பும் கிடையாது. 1981 குடிசன மதிப்புக்குப் பிறகு அடுத்தது போரால் 1991 இல் நடக்கவில்லை. 2001 இல் நடந்தபோது வடக்கு கிழக்கில் அம்பாறை தவிர்ந்த மாவட்டங்களில் முழுமையாக எடுக்க முடியவில்லை, எங்கள் மாவட்டம் அதில் ஒன்று. வீட்டு வருமான செலவின ஆய்வு 1990களில் வடக்கு கிழக்கை விட்டுவிட்டே நடந்தது. 2006/07 சுற்றில் கிழக்குச் சேர்ந்தது, ஆனால் திருகோணமலை சேரவில்லை. 2009/10 சுற்றில்தான் அட்டவணையில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு வரிசை கிடைத்தது. முழுக் குடிசன மதிப்பு 2012 இல். மாவட்டத்தின் சனத்தொகை அப்போது ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம்.

அதாவது முப்பது ஆண்டுக்கு மேல் எங்கள் மாவட்டத்துக்கென்று சொல்லப்பட்ட பல எண்கள் நிர்வாகப் பதிவேடுகளின் கூட்டலும் முந்திய எண்ணை வைத்து நீட்டிய மதிப்பும்தான். இடம்பெயர்ந்து போனவர்கள் இரண்டு இடத்தில் எண்ணப்பட்டிருக்கலாம், எங்குமே எண்ணப்படாமலும் போயிருக்கலாம். அந்தப் பதிவேடுகளை வைத்திருந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நாட்களில் அது இருந்ததே பெரிய காரியம். ஆனால் அவை மாதிரி ஆய்வு இல்லை, அவற்றுக்கு வழு எல்லை கிடையாது. உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு 1990களின் வறுமை வீதமோ வேலையின்மை வீதமோ எடுக்கப்போனால், அட்டவணையின் அடிக்குறிப்பை முதலில் வாசியுங்கள். "வடக்கு கிழக்கு நீங்கலாக" என்று சின்ன எழுத்தில் இருக்கும். நாட்டுச் சராசரியை எடுத்துத் திருகோணமலைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சராசரியில் நாங்கள் இல்லை.